ஆத்தங்கரையில நான் காட்டின பழிப்பு

என் கொழுந்தனாருக்கு வாய் கோணினத மொதல்ல பாத்தவ நாந்தான். பாத்துட்டுச் சிரிச்சேன். அவரு மாதிரியே வாயக் கோணிக் காட்டி, பக்கத்துல இருந்த பிள்ளைகளையும் சிரிக்க வச்சேன். அப்புறம், நான் பாக்கவே இல்லன்னு பொய் சொன்னேன்.

சொல்லிட்டேன். இனி நீங்க என்னைய என்ன நெனச்சாலும் சரி. ஆனா முழுசாக் கேட்டுட்டு நெனைங்க.

மூஞ்சி விஷயத்துல நான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாசோட சரி. ஆனா ஒருத்தர ஒருக்கப் பாத்தாப் போதும், அவங்க மாதிரியே உதட்டச் சுழிச்சு, கண்ண உருட்டிக் காட்டிருவேன். அதனால சொல்லுதேன்... ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குத மூஞ்சி உலகத்துல இருக்குன்னு நெனைக்கியளா? கிடையாது. என் மூக்கு பொறந்ததுலேர்ந்து மேக்கத்தான் பாக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு புருவம் மாடியில, ஒரு புருவம் தரையில. உங்களுக்கும் இருக்கும், கண்ணாடிய எடுத்துப் பாருங்க. பாத்துட்டு என்னைய வையக் கூடாது. அது கூடவே பொறந்த கோணல். அதுக்கு வைத்தியம் தேட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேற கோணல்.

முத்தையா எங்க வீட்டுக்காரரோட தம்பி. களக்காட்டு வாழத்தார் மண்டியில ஏலம் கூறுதவரு. அவரு தொண்டையத் தொறந்தா பஸ் ஸ்டாண்டுல நிக்கவன் திரும்பிப் பாப்பான். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கும் அவருக்கும் ஓயாத போட்டி. நான் தண்ணிக்குப் போனா, பின்னாலயே இடுப்ப ஆட்டி ஆட்டி நடந்து காட்டுவாரு. நான் பதிலுக்கு, அவரு ஏலம் கூறுத மாதிரி வாயப் பொளந்து பழிப்புக் காட்டுவேன். மதினியும் கொழுந்தனும் கேலி பண்ணுதத யாரு தப்பாச் சொல்லுவா?

எங்க தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்த வருஷம். ஆடிப்பெருக்குக்கு வேன் பிடிச்சு சேரமாதேவி ஆத்துக்குப் போயிருந்தோம். பெரியவங்க எல்லாரும் குளிக்க இறங்கிட்டாங்க. முத்தையா பொஞ்சாதி பார்வதியும் போயிட்டா. மருத மரத்தடியில நானும், வெவரம் தெரியாத சின்னப் பிள்ளைகளும் சோத்துக்குக் காவல். மொத ஆளாக் குளிச்சிட்டு முத்தையா வந்து உக்காந்தாரு.

"மதினி, புளியோதரை இருக்கா? காவலே தின்னு முடிச்சிட்டா?"

"அடிப்பிடிச்சது ஒமக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் வே" ன்னு இலையில வச்சேன்.

ரெண்டு வாய் தின்னிருப்பாரு. அடுத்த வாய் சோறு வலது கடவாயில வழியுது. அந்தப் பக்கத்து உதடு கீழ இறங்கி நிக்கி. கன்னம் தொங்குது. நான் சோறு திங்குதத அவரு பழிப்புக் காட்டுதாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்ப அப்படித்தான் நெனச்சேன்.

விடுவேனா... நானும் கடவாய இழுத்து, சோத்த வழியவிட்டுக் காட்டினேன். பிள்ளைக உருண்டு உருண்டு சிரிச்சுது.

அவரு வலது கையத் தூக்கப் பாத்தாரு. வரல. பிடிச்சிருந்த சோறு இலையிலயே விழுந்துச்சு. "கையுமா நடிக்கி? இன்னைக்கு ஆட்டம் பெருசா இருக்கே" ன்னேன். என்னமோ சொல்ல வந்தாரு. பேச்சு கூழாக் குழஞ்சு வந்துச்சு. "பட்டப்பகல்லயே கள்ளா?" ன்னேன்.

அப்பத்தான் அவரு கண்ணப் பாத்தேன்.

பழிப்புக் காட்டுதவங்களுக்கு வாய் எப்படிக் கோணினாலும் கண்ணு சிரிக்கும். எனக்குத் தெரியாதா அது? அந்தக் கண்ணு சிரிக்கல. தேர்க்கூட்டத்துல அம்மையத் தொலைச்ச பிள்ள மாதிரி என்னையே பாத்துட்டு இருந்துச்சு. இது விளையாட்டில்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"பெரியம்மா, இன்னொருக்கக் காட்டுங்க" ன்னு பிள்ளைக கேட்டுது.

காட்டினேன்.

ஏன் காட்டினேன்... இத்தன வருஷமாக் கேட்டுட்டுக் கெடக்கேன். பயமா? நிறுத்தினா, அதுவரைக்கும் சிரிச்சதெல்லாம் பாவம்னு ஆயிருமேன்னா? இல்ல, சிரிக்குத பிள்ளைக முன்னால தோக்க மனசு வரலயா? நீங்களாவது சொல்லுங்க. எனக்குப் பிடிபடல.

அப்புறம் துண்ட விரிச்சு, "பைய சாஞ்சு படும், கண்ணசந்தா சரியாயிரும்" னு படுக்க வச்சேன். வாயத் தொடச்சுவிட்டேன். எம் மகளுக்கு ஒரு தடவ மூஞ்சி ஒரு பக்கம் இழுத்து, கண்ணு மூடாமக் கெடந்து, பின்னால சரியாப் போச்சு. இதும் அதுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவளுக்குக் கை நல்லா இருந்துச்சே, பேச்சு தெளிவா இருந்துச்சேன்னு மனசு முணுமுணுத்துச்சு. கேக்காத மாதிரி பாத்திரத்த அடுக்கினேன்.

பார்வதி ஈரச்சேலையோட ஏறி வந்தா. "அக்கா, அவுக சாப்பிட்டாகளா?"

"தின்னுட்டு உறங்குதாரு" ன்னேன்.

வெயில் தாழ எழுப்பும்போது அவருக்குக் காலும் ஊனல. அள்ளி வேன்ல போட்டுத் திருநெல்வேலிக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வி, "எப்ப இருந்து இப்படி இருக்கு?"

பார்வதி என் மூஞ்சியப் பாத்தா.

"இப்பத்தாம்மா. எழுப்பும்போதுதான் பாத்தேன்."

மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க. மூஞ்சி திடீர்னு ஒரு பக்கம் இறங்கினா, கை தளந்தா, பேச்சு குழறினா, உறங்க வச்சுப் பாக்கக் கூடாதாம். உடனே தூக்கிட்டு வரணுமாம். கொஞ்ச நேரத்துல சரியான மாதிரி தெரிஞ்சாலும் வரணுமாம். எம் மகளுக்கு வந்தத மெதுவாக் கேட்டேன். "அதையும் அன்னைக்கே காட்டியிருக்கணும். எது எதுன்னு வீட்டுல இருந்து நீங்க எப்படிச் சொல்லுவிய?" ன்னாங்க.

உசிரு நின்னுச்சு. வலது கை போச்சு. பேச்சு போச்சு. இப்ப மண்டியில வேற ஆளு கூறுதான், பார்வதி பீடி சுத்துதா. பாக்குதவங்க கிட்ட எல்லாம் சொல்லுதா: "எங்க அக்கா கண்ணுல பட்ட ஒடனே தூக்கிட்டு ஓடினதாலதான் இவுக உசிராவது மிஞ்சிச்சு."

நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிடுவேன். இல்லன்னு சொன்னதே கிடையாது.

போன வாரம் நாங்குநேரி கோயிலுக்குப் போகணும்னு, அவர எங்கிட்ட விட்டுட்டுப் போனா. "உங்ககிட்ட விட்டாத்தான் எனக்கு நிம்மதி" ன்னா. சோத்தப் பிசைஞ்சு எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். வீட்டுல வேற யாருமில்ல. வாய்க்கு வந்திருச்சு.

"கொழுந்தப்புள்ள, அன்னைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இன்னொருக்கக் காட்டினேன்."

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் இடது கையால கிண்ணத்தப் பைய தள்ளிவிட்டுட்டு, செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

பொழுது சாய பார்வதி வந்தா. சோறு அப்படியே இருக்கதப் பாத்துட்டு, "ஏங்க்கா, சாப்பிடலையா?" ன்னு கேட்டா.

"பசிக்கலயாம்" ன்னேன்.

நாளைக்கும் அவளுக்கு வெளி வேலையாம். என்னையத்தான் வரச் சொல்லியிருக்கா. போவணும்.