அழுகைக்கு அஞ்சாத டீச்சர்

குழந்தையிடம் பேசுமுன் சுகிர்தம் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். "இதோட போனா ஊசி போட வந்த நர்ஸுன்னு நெனைக்கிதுக." பிறகு தரையில் சம்மணம் போட்டுவிடுவார். பால்வாடி வாசலானாலும் கூடலூர் பஸ் ஸ்டாண்டானாலும் அப்படித்தான். பெரியவர்களிடம் பேச ஆரம்பித்தால் மட்டும் லேசில் விடமாட்டார். அவரைக் கண்டதும் சந்து மாறிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை மதுரைக்குப் போகிறார். குழந்தைகளின் மனதை ஆராயும் டாக்டரம்மா ஒருவர், புதிய ஆராய்ச்சிகளை அங்கே தமிழில் எடுத்துச் சொல்கிறார். கேட்டதை மறுநாளே இங்கே நடத்திப் பார்க்கத் துடிப்பார் டீச்சர். "அவுக படிச்சுச் சொல்றாக. இங்கன நடக்குமான்னு நாமதான பாக்கணும்?" எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த அவசரம்தான்.

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். பிள்ளை அழுதால் மலைப்பாதைக்குச் சகுனம் ஆகாது என்று, அது தூங்கும்போதே நழுவிவிடுவது வழக்கம். முத்துப்பேச்சியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு வயது மகள் ராஜாத்தி தூங்க மறுத்தாள். கண் சொக்கினால் தன்னையே கிள்ளிக்கொண்டாள். பயந்த கோளாறு என்று கயிறு கட்டினார்கள். பிள்ளை துரும்பாக இளைத்ததுதான் மிச்சம்.

கண்ணை மூடினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று பிள்ளை காவல் காக்கிறது என்பது டீச்சருக்குப் புரிந்தது. சொல்லிவிட்டுப் போனால், அழுதாலும் தேறிவிடும் என்பது மதுரையில் கேட்ட பாடம். தெருவையே கூட்டிப் பிரசங்கம் செய்தார். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். பிறகு முத்துப்பேச்சியின் அடுப்படியிலேயே போய் உட்கார்ந்தார்.

"ஜீப்புல மத்தவுக சும்மா விடுவாகளா டீச்சர்?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ பிள்ளைட்ட சொல்லிட்டு மட்டும் போத்தா."

மறுநாள் விடியலில் நானும் போயிருந்தேன். முத்துப்பேச்சி மகளை எழுப்பித் தூக்கி வந்திருந்தாள். பொழுதடைய வந்துவிடுவேன் என்று சொல்லி இறக்கிவிட்டாள். ராஜாத்தி சேலையைப் பிடித்துக்கொண்டு தெருவே விழிக்கும்படி அழுதாள். ஜீப்பில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரைவர் தங்கபாண்டி, முத்துப்பேச்சியை விட்டுவிட்டே போகலாம் என்று என்ஜினைக் கிளப்பினார்.

டீச்சர் இந்த முறை பிரசங்கத்தில் இறங்காமல் டிரைவர் பக்கம் போனார். கையை உள்ளே விட்டு, சாவியைத் திருகி எடுத்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். ராஜாத்தி அழுது ஓய்ந்து, "பொழுதடைய வந்துரணும்" என்று தானாகச் சேலையை விடும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.