அரைப் பக்கத்தில் ஒரு பாஸ்போர்ட் அளவு முகம்

"படம் பெரிசா வரணும்" என்று சொல்லாத ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. காதுகுத்து, கடை திறப்பு, கவுன்சிலர் பிறந்தநாள், செத்துப்போனவர், எல்லாமே பெரிசாக வர வேண்டும். கையில் கொண்டுவருவது மட்டும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். விளம்பர மேஜையில் உட்கார்ந்திருந்த நான் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, "உள்ளே ஜெய்னப்னு ஒரு பொண்ணு இருக்கா, அவகிட்ட கேளுங்க" என்று அனுப்பிவிடுவேன். அந்த ஜெய்னப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பத்திரிகைக்குப் பெயர் 'தென்வாசல்'. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பல்லாவரத்திலிருந்து முடிச்சூர் வரை வீட்டு வாசல்களில் இலவசமாக வந்து விழும். முழுக்க விளம்பரத்தில் ஓடிய பிழைப்பு. பாதிப் பேர் அதை அலமாரித் தட்டில் விரிக்கத்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் பார்க்காமல் யாரும் விரித்ததில்லை.

ஜெய்னப் பல்லாவரத்துப் பெண். அவள் அத்தா, அதாவது அப்பா, அத்தாவுல்லா ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். டிடிபி படித்துவிட்டு எங்களிடம் தமிழ் டைப்பிங்குக்குத்தான் வந்து சேர்ந்தாள். அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறீர்கள். அவள் தப்பும் தவறுமாக அடித்த வரி விளம்பரத்தால் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் படியேறி வந்து என்னிடம் கத்திவிட்டுப் போனார். "இவளை எங்கேயாவது மாத்துங்க, இல்ல நான் போறேன்" என்று முதலாளியிடம் நின்றேன். படங்கள் பக்கம் மாற்றினார்கள். அங்கே போனவள் அப்படியே ஒட்டிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் பழக்கமில்லை. அவள் பத்தாவது படிக்கும்போது அம்மா தவறிவிட்டார். அம்மாவுக்கென்று ஒரு போட்டோகூட இல்லை, ரேஷன் கார்டில்கூட அத்தா படம்தான் என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நெனச்சா மொகம் தானா வருது அக்கா. எதுக்குப் போட்டோ?" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு நாள் முழுக்க ஊரார் முகத்தோடு வேலை. அந்த வேலைக்கு ஒரு சிஸ்டம் இருந்தது. முதலாளியின் மகன் பிரணவ் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உட்கார்ந்து அவன் எழுதிக் கொடுத்தது. யார் எந்தப் படத்தை ஏற்றினாலும் அது தானாக மூன்று அளவாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். பெரிசு பிரஸ்ஸுக்கு, நடுவாந்தரம் வெப்சைட்டுக்கு, துக்கடா ஒன்று தேடிப் பார்ப்பதற்கு. பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்க முடியாது. இது புரியாமல் வருகிறவர்களுக்கு ஜெய்னப் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

"அஞ்சு புள்ளிக் கோலம் சார் இது. அதே அஞ்சு புள்ளிய தெரு அகலத்துக்குத் தள்ளித் தள்ளி வெச்சா, புள்ளிக்கு நடுவுல ஆளே நடந்து போலாம். கோலம் தெரியாது" என்பாள்.

கோலம் என்னிடமிருந்து திருடியது. அவள் எங்கே கோலம் போட்டாள்? ஆனால் கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். நான் இத்தனை வருஷம் கத்தியும் ஒருவரும் ஆட்டாத தலை.

இரண்டாயிரத்து ஏழில் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. படம் ஏற்றினால் பாதியில் நிற்கும். பிரணவ் வந்து பார்த்துவிட்டு ஒரு வழி செய்தான். மூன்று மாசத்துக்கு மேல் பழசான பெரிய படங்களை மொத்தமாக அழிக்க ஒரு பட்டன் வைத்தான். நடுவாந்தரமும் துக்கடாவும் அப்படியே இருக்கும். போன தீபாவளிக்குத் தண்ணீர் லாரி கவிழ்ந்த படம் இனி எந்தப் பிரஸ்ஸுக்கு வேண்டும்? அவன் யோசித்ததில் தப்பில்லை. செய்தி பழசாகும். ஆனால் எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் பழசாவதில்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி என்று வருஷா வருஷம் வந்துகொண்டே இருப்பார்கள். அது விளம்பர மேஜைக்குத் தெரியும். விளம்பர மேஜையை யார் கேட்டார்கள்? பிரணவ் சொன்னான், ஜெய்னப் பட்டனை அழுத்தினாள், சிஸ்டம் வேகமாக ஓடியது, எல்லாரும் டீ குடித்தோம்.

சில மாசம் கழித்து ஒரு திங்கட்கிழமை வைத்தீஸ்வரன் சார் படியேறி வந்தார். முடிச்சூர்க்காரர், மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். போன வருஷம் அவர் மனைவி கனகவல்லி இறந்தபோது எங்களிடம்தான் விளம்பரம் கொடுத்தார். அன்றைக்கு ஜெய்னப் படத்தை ஸ்கேன் பண்ணி முடிக்கும்வரை அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். திருப்பிக் கொடுத்ததும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அது எனக்கு மறக்கவில்லை.

"முதல் வருஷம் வருதும்மா. இந்த ஞாயித்துக்கெழம. அரைப் பக்கம் போட்டுடுங்க, படம் நல்லா பெரிசா" என்றார்.

"போட்டுடலாம் சார். படம் கொண்டாந்தீங்களா?"

"உங்ககிட்ட இருக்குமே. அத நம்பித்தான் வந்தேன்."

அவரிடமிருந்த படம் போய்விட்டது. முடிச்சூர் வீட்டில் மழைக்குச் சுவர் ஊறி, பிரேமுக்குள் ஈரம் இறங்கி, போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் கொடுக்கலாம் என்று அவரே மெதுவாகப் பிரித்திருக்கிறார். புடவையும் தோளும் கையோடு வந்தன, முகம் கண்ணாடியோடு போனது. படம் எடுத்த ஸ்டுடியோ இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை, நெகட்டிவ் எங்கே என்று கேட்க ஆளில்லை.

"வேற படமே இல்லியா சார்?" என்றேன்.

"கல்யாணப் படம் இருக்கு. அது யாரோ சின்னப் பொண்ணும்மா. கேமராவப் பாத்தா சமையல்கட்டுக்குள்ள போயிடுவா. இது ஒண்ணுதான் மாட்டுச்சு."

ஜெய்னப் சிஸ்டத்தில் தேடினாள். துக்கடா வந்தது. நடுவாந்தரம் வந்தது. பெரிசு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் காது வரைக்கும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். "ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

அவர் படி இறங்கியதும் பிரணவுக்குப் போன் போட்டாள். பட்டன் வேலையை அன்றே அவன் நிறுத்திவிட்டான். போனதைக் கொண்டுவர முடியுமா என்று என்னென்னவோ செய்து பார்த்தான், வரவில்லை. ஜெய்னப் போன வருஷத்துப் பேப்பரை எடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தாள், மைப்புள்ளிதான் தெரிந்தது. நடுவாந்தரத்தை அரைப் பக்கத்துக்கு இழுத்துப் பார்த்தாள். கனகவல்லி அம்மாளின் கண் இருந்த இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள் நின்றன. ஜெய்னப் திரையை அணைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிரணவுக்கும் மனசு கேட்கவில்லை. நாவலூரில் படவேலை தெரிந்த சிநேகிதன் ஒருவனிடம் கொடுத்து, அந்த நடுவாந்தரத்தை வைத்து ஒரு பெரிய படம் தயார் பண்ணிக் கலர் பிரிண்ட் எடுத்து வியாழக்கிழமை கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தது. கன்னம் மெழுகு பூசிய மாதிரி வழவழ. உதட்டுக்கு ஒரு ரோஸ். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? தலைவலி விட்டது என்று நினைத்தேன்.

வைத்தீஸ்வரன் சார் வந்து பார்த்தார். "அழகா இருக்கு. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஆர்டரில் 'ஓகே' எழுதப் போனேன். ஜெய்னப் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவரு அந்தப் படத்த எடுத்துட்டுப் போகல."

"மறந்துட்டிருப்பாரு. வயசான மனுஷன்."

"போன வருஷம் என் நாற்காலிக்குப் பின்னாடியே நின்னவரு அக்கா. இது அவங்க இல்ல. அவருக்குத் தெரியுது. நமக்காக ஒத்துக்கினு போறாரு."

மேஜைமேல் அந்த வழவழக் கன்னத்துக்காரி சிரித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கப்புறம் எனக்கும் அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கம் முடிகிற நாள். காலையில் வந்ததும் ஜெய்னப் ஒரு பிரிண்டை என் முன்னால் வைத்தாள். அரைப் பக்கமும் வெள்ளை. நடுவில் பாஸ்போர்ட் அளவில் கனகவல்லி அம்மாள் முகம். கீழே பெயர், அவர் கொடுத்த ஒரு வரி. அவ்வளவுதான்.

"இன்னாடி இது? மீதி எங்க? மிஷின்ல மை தீந்துபோச்சுன்னு நெனைப்பாங்கடி ஊர்ல."

"இந்த அளவுக்குத்தான் அந்தப் படத்துல புள்ளி கீது அக்கா. இதுக்கு மேல ஒரு நூலு இழுத்தாலும் பொய்யாப் பூடும்." என்னோடு இருந்து இருந்து என் பேச்சும் அவளுக்கு வந்திருந்தது. "இந்த அளவுல பாருங்க, தெளிவா இருக்காங்க."

உண்மைதான். சின்னதாக இருந்தாலும் ஆள் அப்படியே இருந்தாள். கேமராவுக்குப் பயந்து பாதி முறைத்து, பாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு. என்றாலும் அரைப் பக்கம் வாங்கினவருக்கு இதை எப்படி நீட்டுவது? முதலாளி என்ன சொல்வார்? "நீயே போய் அவருகிட்ட சொல்லு, எனக்கு வாய் வராது" என்றேன். சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். இந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனசு வந்தால்தானே.

ஷேர் ஆட்டோவில் முடிச்சூர் போய்ச் சேர்ந்தோம். வயலாக இருந்த இடமெல்லாம் மனைக்கல், நடுவில் அவர் வீடு. கூடத்தில் அந்த பிரேமை அவர் இன்னும் இறக்கவில்லை. அதில் ஒரு பச்சைப் புடவையும் தோளும் மட்டும் இருந்தன, மேலே சந்தன மாலை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெய்னப் உட்காரவில்லை. "சார், உங்க படத்தோட பெரிய காப்பி எங்ககிட்ட இருந்துச்சு. எங்க சிஸ்டத்துல அழிஞ்சு போச்சு. அழிக்கிற பட்டன அழுத்துனது நான்தான்" என்றாள். "நேத்து நீங்க பாத்த படத்துல பாதி கம்ப்யூட்டர் வரைஞ்சது சார். இதுல இருக்கறது மட்டும்தான் அவங்க. சின்னதாத்தான் வரும். உங்களுக்கு வேணாம்னா நேத்துப் பாத்ததையே போட்டுடறோம்."

அவர் பிரிண்டை வாங்கினார். கை நீட்டிப் பார்த்தார், தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"புருவத்துல தழும்பு இருக்கு. குக்கர் வெயிட் தெறிச்சுப் பட்டது. நேத்துப் படத்துல அது இல்லம்மா" என்றார்.

காகிதத்தைக் கொஞ்சம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கூட இருந்தப்ப இவ்வளவு கிட்டக்க வெச்சு அவ மூஞ்சிய நான் பாத்ததேயில்ல." காகிதத்தை இறக்கவே இல்லை அவர். "இப்படியே போடுங்க. வேணுங்கறவன் கிட்டக்க வந்து பாக்கட்டும்."

பிரிண்டை அவர் எங்களிடம் திருப்பித் தரவில்லை. கைக்குட்டையைத் தேடி எடுத்து அதில் சுற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டுச் சமாளித்தேன்.

திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் ஜெய்னப் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. முதலாளியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"முதலாளிய நான் பாத்துக்கறேன்டி. விளம்பரம் குடுத்தவரே சரின்னுட்டாரு, அவருக்கு இன்னா வந்துச்சு?"

"அது இல்ல அக்கா." "எங்க அம்மாவுக்குத் தாடையில ஒரு மச்சம் இருக்கும். அது எந்தப் பக்கம்னு அவரு தழும்பச் சொன்னதுல இருந்து யோசிச்சுட்டு வரேன். வரமாட்டேங்குது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தாம்பரம் வந்ததும் அவள் ஆபீஸ் பக்கம் திரும்பினாள். நான் விடவில்லை.

"பக்கத்த நான் அனுப்பிக்கறேன். நீ ரயில புடிச்சு நேரா வூட்டுக்குப் போ. போய் அத்தாகிட்ட அந்த மச்சம் எந்தப் பக்கம்னு கேளு."