மாமா எழுதிக்கொடுத்த தலைமுடி

இருபத்தாறு வயதுக்குள் என் தாய்மாமனுக்கு ஏழெட்டுத் தொழில் கைவிட்டுப் போயிருந்தது. கடைசியாகச் சேலம் டவுனில் ஒரு படக் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரே படத்தை மூன்று வாரம் தினமும் பார்க்கிற எவருக்கும் தான் ஒரு மேதை என்று தோன்றிவிடும் போலிருக்கிறது. சினிமாக் கம்பெனிக்காரர்கள் குழந்தைகளுக்காக அலையாய் அலைகிறார்கள், குழந்தையைக் கண்டுபிடித்து, பழக்கி, கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் இந்த ஜில்லாவில் ஆள் இல்லை, அந்த ஆள் தான்தான் என்று ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அறிவித்தார். பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. கம்பெனி என்றாலே எல்லோரும் வாயைப் பிளந்த காலம் அது.

நாங்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு யார்டில் பெட்டி கோர்க்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். மாமா பேசும்போது மட்டும் வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ள ஆரம்பித்துவிடுவார். அம்மாவுக்கு மாமா தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை. தாய் இல்லாத அவரை அவள்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவர் எது சொன்னாலும் அவளுக்கு அது நடந்து முடிந்த காரியம்.

ஏஜெண்டு வேலையில் மாமா முதலில் செய்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பு. மேலே அவர் பெயர், கீழே ‘பால நடிகர் ஏஜெண்டு’. நடிகர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை, ஸ்டாம்பு வந்துவிட்டது. அதை எங்கள் வீட்டுக் காலண்டரில் குத்திப் பார்த்தார், என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் குத்தினார், தம்பியின் வயிற்றிலும் ஒன்று குத்தினார்.

அவர் பிடித்த முதல் குழந்தை நான். எனக்கு எட்டு வயது. சந்தையில் கன்றுக்குட்டி வாங்குகிறவர் மாதிரி பல்லைப் பார்த்தார், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பத்து நாள் எனக்கு அழவும் சிரிக்கவும் சொல்லிக் கொடுத்தார். அடி வாங்காமலே அழ வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு டவுனுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தார். படம் வந்தபோது என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மை கொட்டின மாதிரி இருந்தது. “இவளக் கேமராவுக்குப் புடிக்கல” என்றார் மாமா. கேமரா என்பது விருப்பு வெறுப்புள்ள ஏதோ ஒரு பெரிய மனுஷன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே போட்டோவில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த தம்பி பளிச்சென்று விழுந்திருந்தான். அவனுக்கு ஐந்து வயது, தோளுக்குக் கீழே தொங்குகிற முடி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. ஆணில் மூன்றாவதாக வந்தவன் இவன். தங்கினால் முதல் முடியைக் குலதெய்வத்துக்கு இறக்குவதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பங்காளி வீட்டுத் தீட்டு, அடுத்த வருஷம் லீவு இல்லை என்று அது தள்ளிப்போயிற்று. அந்த மாசியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் முடித்துவிடுவதாக இருந்தது. அப்பா அவனை மடியில் போட்டுக்கொண்டு, “எனக்குக் கொள்ளி வெக்க ஒருத்தன் வந்துட்டான்” என்பார். அவர் கேலியாகச் சொல்வது அது ஒன்றுதான். அம்மா வாயில் அடித்துக்கொள்வாள், ஆனால் முகம் மலர்ந்திருக்கும்.

மலையடிவாரத்தில் இருந்த சினிமாக் கம்பெனிக்கு மாமா தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். புராணப் படம், ஒரு சின்ன ராஜகுமாரன் வேண்டும். அங்கே நடந்ததை மாமா எங்களிடம் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். இந்தப் பையனிடம் என்ன விசேஷம் என்று மானேஜர் கேட்டாராம். “சொந்த முடிங்க. டோப்பா வேண்டீதில்லீங்க” என்றாராம் மாமா. மானேஜர் தலையாட்டிவிட்டு அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினாராம். அதில் முடியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு ஏஜெண்டு என்றால் தானும் ஏதாவது ஷரத்துப் போட வேண்டாமா? மாமா பேனாவை வாங்கி, படம் முடியும்வரை பையன் தலையில் கத்தி படாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று காகிதத்தின் அடியில் எழுதி, ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்துவிட்டார். “கம்பெனிக்காரனே அசந்துட்டான்” என்று அவர் சொன்னபோது நாங்களும் அசந்துதான் போனோம்.

தகப்பன் சம்மதத்துக்கென்று கம்பெனி கொடுத்துவிட்ட காகிதத்தில் அப்பா மட்டும் கையெழுத்துப் போடத் தயங்கினார். மாசி வருகிறதே என்றார். சாமிக்கு ஆறு மாசம் பொறுக்காதா என்று மாமா கேட்டார், அம்மாவும் அதையே கேட்டாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

தம்பியின் முடிக்கு நான் காவலாளி ஆனேன். மாமா போட்ட உத்தரவு அது. காலையில் எண்ணெய், சாயங்காலம் சிக்கெடுப்பது, வாரம் ஒரு நாள் சீயக்காய். நடிப்பில் கிடைக்காத இடம் இதிலாவது கிடைத்ததே என்று உயிரைக் கொடுத்துச் செய்தேன். கம்பெனியில் இரண்டு தடவை கூப்பிட்டு, செட்டு தயாராகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாசி போய்ப் பங்குனி வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

விஷக்காய்ச்சல் என்றார்கள். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

மதியத்துக்குள் பெரியப்பாவும் பங்காளிகளும் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். அப்பாவின் அண்ணன் அவர், கறாரான மனுஷர். வந்தவுடன் நாவிதரை அழைத்துவரச் சொன்னார். எங்களில் கொள்ளி வைக்கிறவன் முடி எடுத்துத்தான் சட்டி தூக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையானாலும் மொட்டையடித்து, ஒரு ஆள் இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அவன் கையாலேயே வைக்கச் செய்வார்கள். நாவிதர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டபோதுதான் மாமா குறுக்கே வந்தார். எழுதிக் கொடுத்திருக்கிறதே என்றார். கூட்டத்தில் யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெரியப்பா அடிக்கப் போனார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரெட்டுக் கம்பெனிக்குப் போயி கேட்டுட்டு வாடா தம்பி. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான், வேண்டாம்னா சொல்லுவாங்க?” என்றாள். போகும்முன் மாமா என்னைத் தனியாக அழைத்தார். “தம்பிய உள்ள கூட்டிப்போயிக் கதவத் தாழ் போட்டுக்க சாமி. நான் வாரவரைக்கும் யாரு கேட்டாலும் உடாத. உன்ற பொறுப்பு” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

நான் விடவில்லை. நாவிதர் வந்து கூப்பிட்டார், பெரியப்பா கதவைத் தட்டினார், அத்தை ஒருத்தி நயமாகப் பேசிப் பார்த்தாள். தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, கதவிடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றேன். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று தம்பி சிணுங்கினான். அவனைச் சமாதானப்படுத்த உட்காரவைத்து, எண்ணெய் தடவித் தலை சீவிவிட்டேன். வெளியே அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அந்த நேரத்தில் தலைக்கு எண்ணெய் வைத்த பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலையடிவாரத்துக்குப் போய்த் திரும்ப எப்படி மிதித்தாலும் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அப்பாவுக்குக் கோடி போர்த்துவதற்குள் மாமா வந்துவிட்டார். எங்கள் மாமாவைப் போல் வேகமாக யாரால் சைக்கிள் விடமுடியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கணக்குப் பார்க்க வேறு யாருக்கும் நினைவில்லை.

“கேட்டனுங்க. முடியாதுன்னுட்டாங்க. மீறுனா கேசு போடுவாங்களாமா” என்று பெரியப்பாவைப் பார்க்காமல் சொன்னார் மாமா.

பெரியப்பா தன் மகனைக் கூப்பிட்டு நாவிதர் முன்னால் உட்காரவைத்தார். என்னைவிட ஆறு வயது பெரியவன் அவன். என் அப்பாவின் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன்தான் முன்னால் போனான். தலை நிறைய முடியோடு ஒரு பிள்ளை கூட வந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தம்பியை மயானத்துக்கே கூட்டிப்போகவில்லை. நான் கதவைத் திறந்தபோது வாசல் காலியாக இருந்தது. அம்மா தம்பியைப் பார்த்தாள், எண்ணெய் மினுக்கிய அவன் தலையைப் பார்த்தாள். “பெத்தவனுக்குக் கொள்ளி வெக்காத புள்ளயா உன்ன ஆக்கிப்போட்டனே சாமி” என்றாள். மாமாவை அவள் திட்டவில்லை. வேண்டுதலைத் தள்ளிப்போடச் சொன்னது தான்தான் என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒரு வருஷம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பைக் காலி செய்து, பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டுக்கு மாறினோம். பதினாறாம் நாள் கழிந்த பிறகு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மாமா தம்பியைக் கூட்டிப்போய் ஆறேழு நாள் நடிக்கவைத்துக் கூட்டிவந்தார். பெண்பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை என்று எங்களை அழைத்துப்போகவில்லை. தம்பியைக் கேட்டால் விளக்கு சுட்டது, மிட்டாய் கொடுத்தார்கள் என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் முடிந்து, அப்பாவின் வருஷத் தீட்டும் கழிந்தபின் அவன் முடியை அம்மா ஊருக்குக் கொண்டுபோய்ச் சாமிக்கு இறக்கினாள். பெரியப்பா வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒருவரும் வரவில்லை.

படம் வந்தது. மாமா வேலை பார்த்த கொட்டகையிலேயே வந்தது. அதற்குள் அவர் இன்னும் மூன்று குழந்தைகளைப் பிடித்து வைத்திருந்தார், தம்பி நடித்த படம் என்று அவர்கள் வீட்டாரிடம் சொல்லித்தான் பிடித்திருந்தார். அப்பா போனதிலிருந்து, வீடு மாறியதற்கும் சாமிக்கு முடி இறக்கியதற்கும் தவிர அம்மா வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் தம்பியைத் திரையில் பார்க்கும் ஆசை யாரை விட்டது? ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். மாமா எங்களுக்குப் பெஞ்சில் இடம் பிடித்துக் கொடுத்து, எனக்கு ஒரு முறுக்கு வாங்கித் தந்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் ராஜகுமாரன் வந்தான். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றான். தம்பியேதான். அவன் தலையில் ஒரு பெரிய கிரீடம். முன்னால் புருவம்வரை இறங்கியிருந்தது, காதுகளை மூடியிருந்தது, பின்னாலிருந்து ஜரிகைத் துணி ஒன்று முதுகுவரை தொங்கியது. அடுத்து தோட்டத்தில் வந்தான், அங்கேயும் அதே கிரீடம். ரதத்திலும் அதே. எனக்கு ஆத்திரமாக வந்தது. மாசக்கணக்கில் எண்ணெய் போட்டு, சிக்கெடுத்து, சீயக்காய் தேய்த்து நான் வளர்த்த முடி. “முடியே தெரியலயேம்மா. ஒரு முடிகூட வெளிய தெரியல பாரு” என்று அம்மாவைப் பிடித்து உலுக்கினேன்.

அம்மா அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அவள் என்னைத் தாண்டி மாமாவிடம் குனிந்தாள்.

“ஏன்டா, அன்னிக்கு நீ கம்பெனிக்குப் போனயா?”

மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “படத்தப் பாருக்கா, அடுத்த சீனு நல்லா இருக்கும்” என்றார். போகவில்லை என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. போனேன் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொன்னதும் இல்லை.

அம்மா எழுந்தாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, “எந்திரி, போலாம்” என்றாள். படம் இன்னும் பாதி இருந்தது. “நான் வரல, மாமாகூட வாரேன்” என்றேன். திரையின் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி கூப்பிடவில்லை. கால்களை ஒதுக்கிக்கொண்டவர்களைத் தாண்டி, பிள்ளையைச் சுமந்துகொண்டு தனியாக வெளியே போனாள்.

பெற்ற பிள்ளை நடித்த படத்தை முழுசாகப் பார்க்காமல் எழுந்து போகிற தாயும் உண்டா என்று எனக்கு அவள்மேல் கோபம். அவள் போனதும் மாமா பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன். அவர் இன்னொரு முறுக்கு வாங்கித் தந்தார். அதையும் தின்றுகொண்டு, படத்தைக் கடைசிவரை பார்த்தேன்.