ஒரே ஏரி, ஒரே தண்ணீர்தானே?

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஏரியில் தண்ணீர் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். பெரம்பலூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வேலையில் நான் ரொம்பக் கறார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த காலம் அது.

ஏரிக்கு மேற்கே மலை. ஓடை அங்கிருந்துதான் இறங்குகிறது. கிழக்கே நீளமான கரை, ஆழமும் அங்கேதான். கரைக்குக் கீழேயே பஸ் ஸ்டாப். ஊருக்குக் குடிநீர் தரும் கிணறு தெற்கு மூலையில், சாக்கடை வாய்க்கால் வந்து கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். சாம்பிளை அங்கேதான் எடுத்திருக்க வேண்டும். வழியெல்லாம் முழங்கால் சேறு. பஸ்ஸுக்கோ கால் மணி நேரம்தான் இருந்தது. ஒரே ஏரி, ஒரே தண்ணீர்தானே என்று கரையோரமே பாட்டிலை முக்கி எடுத்துவிட்டேன். குடிக்கலாம் என்று முடிவு வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன்.

பத்து நாள் கழித்து, வேறு ஊரில் வேலை முடிந்து அதே பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் நாலு வயது மகள் துவண்டு கிடந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வயித்தால போவுதுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். மழக்காலத்துல காய்ச்சித்தான் குடுப்பேன். ஏரித் தண்ணி நல்லாருக்குன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல பேப்பர் ஒட்டிட்டாங்க. அதான் விட்டுட்டேன்."

நான் கையெழுத்துப் போட்ட பேப்பர். ஆஸ்பத்திரி வரை கூடவே போனேன். குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் சேற்றில் இறங்கிக் கிணற்றிலேயே சாம்பிள் எடுத்தேன். இரண்டு நாளில் முடிவு வந்தது; கிருமி இருந்தது. பஞ்சாயத்தில் சொல்லிப் பழைய பேப்பரைக் கிழிக்கவைத்து, காய்ச்சிக் குடிக்கும்படி புதிதாக ஒட்டவைத்தேன். பிறகு விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். குழந்தை தேறி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"மொதல்ல ஒட்டுன பேப்பர்ல கையெழுத்து போட்டது நான்தாங்க," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்காகவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இன்றும் பாட்டிலின் மேல் 'எடுத்த இடம்' என்று எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. அதற்குப் பதில், ஆமாம் என்பதுதான்.