நன்றி, வணக்கத்துக்குப் பிறகு

அம்மாவின் பேச்சு என்னிடம் ஒரு கேசட்டில் இருந்தது. இருந்தும் அவள் போன பிறகு பல வருடங்கள் அவள் குரலைக் கேட்க முடியாமல் ஏங்கிக் கிடந்தேன். பழியை வேறு யார் தலையிலாவது போட முடிந்திருந்தால் போட்டிருப்பேன். எனக்கு அதில் கூச்சமே கிடையாது. ஆனால் இதைச் செய்தது நான்தான்.

இரண்டாயிரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் நகரத்து அரசு வானொலியில் தற்காலிக வேலை பார்த்தேன். வாரத்தில் ஒரு மாலை நகரச் செய்திகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி உண்டு. அதில் வடசென்னைக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் நான் சண்டை போட்டு வாங்கியது. தெற்கே ஒரு பாலத்துக்கு அடிக்கல் நட்டால் அதைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவார்கள். எங்கள் பக்கம் வானொலியில் வர வேண்டுமென்றால் ஏதாவது எரிய வேண்டும், அல்லது கடல் ஊருக்குள் வர வேண்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜனங்கள் எரியாத நாளில் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்துக்குத்தான் ஏழு நிமிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

நிலையத்தில் எனக்குக் கொடுத்தது செங்கல் கனத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். புது கேசட் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பழையதையே திரும்பத் திரும்ப அதன் மேலேயே பதிய வேண்டும். புதிதாகப் பதிந்த பேச்சு பழையதைவிடச் சின்னதாக இருந்தால், அது முடிந்த இடத்தில் பழைய பேச்சின் மிச்சம் கேட்கும். இதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருந்தோம். மாநகராட்சி அதிகாரி கால்வாய் தூர் வாருவதைப் பற்றிப் பேசி முடிப்பார். உடனே ஒரு பாகவதர், பாதி வரியில் ஆரம்பித்து, திரௌபதியின் சேலையைப் பற்றிச் சொல்வார். வேலை இல்லாத மதியங்களில் நான் வால்களைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அந்த ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தேன். வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன்கள், கொடுங்கையூரில் குப்பை மேட்டுப் புகையில் துணி காயப்போடுகிற பெண்கள், ராயபுரத்தில் மாதா தேருக்கு விளக்கு கட்டுகிறவர்கள் என்று எல்லோரையும் பிடித்தேன். ஆனால் மைக்கை நீட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்வேன். “கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்க” என்பேன். நிலையத்தில் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகவே செய்தது. சினிமாவில் எங்கள் பேச்சைக் கேட்டால் கொட்டகை சிரிக்கும். வானொலியில் அப்படி யாரும் சிரித்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். வியாசர்பாடிப் பையன் ஒருவன், “தெனம் காலீல பந்து எட்டி ஒதிச்சிக்கினு கீறோம்க்கா” என்று உற்சாகமாக ஆரம்பித்தான். நான் சொல்லிக்கொடுத்த பிறகு, “நாங்கள் தினமும் பயிற்சி மேற்கொள்கிறோம்” என்று தூக்கு மேடையில் நிற்பவன் மாதிரி ஒப்பித்தான். அதைப் பெருமையாக ஒலிபரப்பினேன். ஊருக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

வீட்டில் எனக்கும் அதே பேச்சுதான். பஸ் ஏறி, நிலையம் இருக்கும் பீச் ரோடு வருவதற்குள் நாக்கை மாற்றிக்கொள்வேன்.

அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் எண்ணூர் போகும் சாலை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி, இரண்டு அடுப்பு, ஒரு தார்ப்பாய். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசையாக நிற்கும். நின்றால் நின்றதுதான். சில சமயம் இரண்டு மூன்று நாட்கள் நகராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து போகும். பஸ்ஸில் இருப்பவர்கள் திட்டுவார்கள். அம்மாவுக்கு மட்டும் அந்த வரிசைதான் வியாபாரம். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ வந்த டிரைவர்கள் எல்லோரும் அவளுக்கு ‘நைனா’தான்.

லாரி வரிசையைப் பற்றி ஒரு வாரத்து ஏழு நிமிடத்தில் பேசலாம் என்று முடிவானது. டிரைவர் பேசினார், பள்ளிக்கூட ஆசிரியை பேசினார். சாலையோரம் கடை வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். வீட்டிலேயே ஆள் இருக்க வெளியே ஏன் தேட வேண்டும்? ஒரு காலையில், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அம்மாவின் முன்னால் மைக்கை நீட்டினேன். அவளுக்கு மட்டும் ‘நல்ல தமிழ்’ பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. ரேடியோவில் வேலை பார்க்கிறவளைப் பெற்றவள், தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அம்மா பொரிந்து தள்ளினாள். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, நடுவில் யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டே, என்னென்னவோ சொன்னாள். எனக்கு நினைவில் நின்றது ஒன்றுதான். “லாரி நின்னா ஊருக்கு பேஜாரு கண்ணு, லாரி போனா எனக்கு பேஜாரு.” ஏழு நிமிடத்தில் நான் சொல்ல முயன்றதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பேஜாரு, இன்னா, கீது என்று காதில் விழ விழ முகம் சுட்டது. நிறுத்தினேன். கேசட்டை முதலுக்கு ஓட்டினேன். என்ன சொல்ல வேண்டுமென்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவள் பேசியதன் மேலேயே மறுபடியும் பதிந்தேன்.

“வணக்கம். வாகனங்கள் நெடுநேரம் நிற்பதால் பொதுமக்களுக்கு இடையூறாக உள்ளது. அரசு ஆவன செய்ய வேண்டும். நன்றி, வணக்கம்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தமிழில் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கும்?

ஒலிபரப்பான மாலை, அம்மாவின் தள்ளுவண்டியில் இருந்த ரேடியோவைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். முடிந்ததும் அம்மா என்னைப் பார்த்து, “என் கொரலு மாரியே கீது. ஆனா யாரோ டீச்சரம்மா பேசறா மாரி கீதே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். மறுநாள் நிலையத்தில் அதிகாரி கேட்டார், “அந்த அம்மா நன்றாகப் படித்தார்கள். எழுதிக் கொடுத்தீர்களா?” பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேசட்டை மட்டும் நிலையத்துக்குத் திருப்பித் தராமல் வீட்டில் வைத்துக்கொண்டேன். நான் செய்த ஒரே திருட்டு.

மூன்று வருடத்தில் அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். அந்தச் சமயத்தில்தான் தனியார் எஃப்.எம்.கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் ஏழு நிமிடம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மூன்றாகி, பிறகு இல்லாமலே போனது. புது எஃப்.எம்.மில், எங்கள் பக்கத்துக் காற்றுகூடப் படாத பிள்ளைகள், ‘இன்னாபா, கண்டுக்காத நைனா’ என்று எங்கள் பேச்சைக் காமெடிக்குப் பேசினார்கள். கோபம் தலைக்கேறி ரேடியோவை அணைத்தேன். அணைத்த பிறகுதான் தோன்றியது, அவர்கள் கேலிக்காவது பேசுகிறார்கள். நானோ அதை அழித்தவள்.

அம்மாவைக் கேட்க வேண்டும்போல் இருக்கும் நாட்களில் கேசட்டைப் போடுவேன். “வணக்கம்” என்று டீச்சரம்மா ஆரம்பிப்பாள். “நன்றி, வணக்கம்” வந்ததும் பட்டென்று நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு முறையும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அவள் முகம் நினைவில் இருந்தது, கை நினைவில் இருந்தது. ‘இன்னா கண்ணு’ என்று கூப்பிடுகிற அந்த இழுப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போனது. நானே சொல்லிப் பார்ப்பேன். எனக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. பஸ்ஸில் மாற்றி மாற்றி என் நாக்குக்கே வீட்டுப் பேச்சு மறந்துவிட்டிருந்தது.

போன பொங்கலுக்கு முந்தின நாள். மாவு அரைத்து, உப்பு போட்டு, கையால் கரைத்துக்கொண்டிருந்தேன். இட்லி மாவு என்றாலே அவள் நினைப்புதான் என்று, கை வைப்பதற்கு முன்பே கேசட்டைப் போட்டிருந்தேன். “நன்றி, வணக்கம்” வந்தது. முழங்கை வரை மாவு. நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் கர்ரென்ற இரைச்சல். பிறகு ஒரு லாரி ஹார்ன்.

“...தமிழும் வராது ஒண்ணும் வராது அவனுக்கு. மூணு நாளா வண்டிலயே குந்திக்கினு கீறான். நாலு வெரலக் காட்டுவான், நாலு இட்லி வெப்பேன். துன்னுட்டு ஒரு சிரிப்பு சிரிப்பான் பாரு கண்ணு...”

அம்மா. இட்லிச் சட்டி மூடியின் சத்தத்தோடு, என் அம்மா. ஊரார் வால்களையெல்லாம் கேட்டுச் சிரித்தவளுக்கு, இந்தக் கேசட்டிலும் ஒரு வால் இருக்குமென்று இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை. அவளுடைய இரண்டாவது பேச்சுதான் அவ்வளவு சின்னதாயிற்றே! மாவில் கை அப்படியே நின்றுவிட்டது. “லாரி நின்னா ஊருக்கு பேஜாரு” என்று அவள் சொன்னாள். கண்ணீர் மாவில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உடனே இன்னொரு குரல் குறுக்கே வந்தது. இளசான, எரிச்சலான குரல்.

“அம்மா, நிறுத்து நிறுத்து. இப்படியெல்லாம் பேசாதே. நல்லாப் பேசு.”

“ஏன் கண்ணு,” என்றாள் அம்மா, நிஜமாகவே புரியாமல், “நல்லாத்தானே பேசிக்கினு கீறேன்?”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேசட்டில் இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டிருக்கிறேன். அவள் அப்படிக் கேட்டதே எனக்கு நினைவில்லை.

“நல்லாத்தாம்மா பேசறே. பேசு” என்று சமையலறையில் நின்றுகொண்டு சொன்னேன். கேசட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.