கண்ணாடி வீட்டுத் தேயிலை

இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, ஓய்வுக்காலத்துக்கென்று லண்டனில் கட்டிய வீடும் தோட்டமும் இப்போது பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றன. போன கோடையில் ஒரு ஞாயிறு, மனைவி கேட்டதால் நாங்கள் இருக்கும் மிட்சம் பகுதியிலிருந்து பஸ் பிடித்து இருவரும் போனோம்.

அவள் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள். கொழும்பில் வேலை செய்த காலத்தில் விரும்பிக் கட்டினேன். தோட்டத்துப் பெண் என்றால் மதிப்புக் குறைவென்று யாழ்ப்பாணத்தில் என் வீட்டார் ஊராருக்கு, "பிள்ளை கண்டி" என்று சொல்லி வைத்தார்கள். லண்டனுக்கு வந்தும் நான் அதையே சொல்லிவந்தேன். அவள் மறுத்ததில்லை.

வாசலில் ஸ்ட்ரெதம் பகுதியில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பமொன்று நின்றது. கோயிலில் பழக்கமானவர்கள். எல்லோரையும் ஒரே குழுவாக ஒரு வயதான ஆங்கிலேயப் பெண் அழைத்துப் போனார். ரோஜாப் பாத்திகள், குளம், கடைசியில் வெப்பநாட்டுச் செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீடு. உள்ளே என் தலைக்கு மேலே வளர்ந்திருந்த ஒன்றைக் காட்டி, "இதுதான் தேயிலை. யாராவது முன்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

மனைவி கையை உயர்த்தினாள்.

பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு மலையேறிக் கொழுந்து பறித்ததை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். இடுப்பளவில் வெட்டி வைத்தால்தான் செடி, இல்லாவிட்டால் இப்படி மரமாகிவிடும், கைக்கு எட்டாது என்றாள். வழிகாட்டி கேட்டுக்கொண்டதும் தாழ்ந்த கிளையொன்றில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் காட்டினாள். பிறகு, துரையின் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் படம் வீட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்ததும் ஸ்ட்ரெதம்காரர் அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, கண்டி எண்டல்லோ சொன்னனீர்?"

"இல்லை அண்ணை. தோட்டம்தான். நான்தான் பொய் சொன்னனான்."

அவர் "ஓ" என்றார். மழை வரும்போல என்று சொல்லிவிட்டு கார் நிறுத்துமிடம் பக்கம் நடந்தார்.

பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு முதல்லயே கோபம்தான். நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றாள்.

என்னோடு இத்தனை வருடமாக யாழ்ப்பாணத் தமிழே பேசியவள். இது அவளுடைய தமிழ்.

"உங்கட தோட்டத்து லயம் வீடுகள் எப்பிடி இருக்கும்?"

"ஒரே வரிசையில பத்து வீடு. எல்லாத்துக்கும் ஒரே பைப்பு" என்று தொடங்கினாள். நாங்கள் இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டது.