எலைக்கு உத்தரவு வரலை

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. கரிக்கு மரம் வேண்டுமென்று திருவரங்குளம் பக்கத்தில் ஓர் ஐயனார் கோயில் காட்டை வெட்ட உத்தரவாயிற்று. மரங்களுக்குத் தாரால் நம்பர் போடப் போன குமாஸ்தா நான்.

அந்தக் காட்டின் காவல்காரர் ஒட்டடைக்கம்பு போல உயரம். ஒரு காதுமடல் கிழிந்திருக்கும். ஐயனார் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக்கூடாது என்பது ஊர்க் கட்டு. அதனால் வெளியேறும்போதெல்லாம் அவர் எல்லைக்கல்லருகே நின்று வேட்டியை நன்றாக உதறுவார்.

பாலையும் வீரையுமாக ஒவ்வொரு மரத்தையும் அவரேதான் எனக்குக் காட்டினார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது மட்டும் மறித்தார்.

"வேட்டியை ஒதறிட்டுப் போங்க. எலை ஒட்டியிருக்கு."

எனக்கு எரிச்சல். "அத்தனை மரமும் போகப்போகுது. இந்த ஒத்த எலைக்கு என்னங்க?"

"மரத்துக்கு உத்தரவு வந்திருச்சு, நான் என்ன செய்ய முடியும்? எலைக்கு இன்னும் வரலைங்களே."

பத்து நாள் கழித்து, வெட்டிய மரங்களோடு மாட்டுவண்டிகள் வரிசையாக வெளியேறின. அவர் வண்டிக்கு வண்டி ஓடி, கட்டைகளில் தொங்கிய இலைகளைப் பிய்த்துக் கல்லுக்கு உள்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிகள் நிற்கவில்லை. அவருக்கு இருந்ததோ இரண்டே கை.

நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எல்லைக்கல்லருகே போய் நின்று வேட்டியை உதறினேன். ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் உதறிக்கொண்டே நின்றேன்.